பழைய கொடியின் ஆர்கானிக் ஷார்டனே: வாங்குவது முதல் பத்து வருடம் கழித்துத் திறப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளை ஒயின் என்றால் வாங்கிய வாரமே குடித்துவிட வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான வெள்ளை ஒயினுக்கு அது சரியும்கூட. ஆனால் நல்ல மண்ணில், வயதான கொடியில் விளைந்து, அவசரமில்லாமல் செய்யப்பட்ட ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயினை இரண்டாம் வருடமே குடிப்பது, மாவடுவை உப்பில் போட்ட மறுநாளே எடுத்துக் கடிப்பது மாதிரி. புளிப்பும் விறைப்பும் நாக்கில் தெரியும். அது என்னவாக மாறப்போகிறது என்பது தெரியாது.

நான் பிரான்சின் லியோனில் வசிக்கிறேன். ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பர்கண்டி ஒயின் பகுதியின் தென்கோடியான மக்கோனே வந்துவிடும். அங்கே ஷார்டனே என்ற பெயரிலேயே ஒரு கிராமம்கூட இருக்கிறது. இத்தனை வருடம் வாங்கி, வைத்து, சிலவற்றைக் கெடுத்து, சிலவற்றைச் சரியான நாளில் திறந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி. வைத்திருந்து குடிக்க நினைக்கிற ஒயினை ஒரே ஒரு பாட்டில் வாங்காதீர்கள். ஒரே தோட்டம், ஒரே அறுவடை ஆண்டு, மூன்று பாட்டில். பணம் பத்தாது என்றால் விலை குறைந்த ஊரிலிருந்து மூன்று வாங்குங்கள். புகழ்பெற்ற ஊரிலிருந்து ஒன்று வாங்குவதைவிட அது நல்லது. காரணம் ஏழாவது படியில் வருகிறது.

படி 1: எது தாங்கும், எது தாங்காது என்று புரிந்துகொள்ளுங்கள்

சிவப்பு ஒயினுக்குத் தோலிலிருந்து வரும் துவர்ப்பு ஒரு கவசம். வெள்ளை ஒயினில் பழத்தைப் பிழிந்தவுடனே தோலை விலக்கிவிடுவதால் அந்தக் கவசம் இல்லை. ஆகவே ஷார்டனே வருடங்களைத் தாண்டுவது முக்கியமாக அதன் புளிப்பை வைத்துத்தான். புளிப்போடு சாற்றின் அடர்த்தி, கெடாமல் காக்கச் சேர்க்கும் அளவான கந்தகம், காற்றை விடாத அடைப்பு ஆகியவையும் சேர வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஆயுள் சட்டென்று சுருங்கிவிடும்.

ஷார்டனே தானாகத் தனிச்சுவை காட்டாத திராட்சை. பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சையும், கூவே பிளாங்க் என்ற மட்டமாகக் கருதப்பட்ட பழைய ரகமும் கலந்து பிறந்தது என்று 1999இல் மரபணு ஆய்வு காட்டியது. வாசனையை அள்ளி வீசாத ரகம் என்பதால் மண்ணும் வானிலையும் செய்பவரின் கையும் அப்படியே வெளியே தெரியும். பர்கண்டியின் வடக்கே உள்ள ஷாப்லியின் மண்ணில் சின்னச் சின்னச் சிப்பிப் படிமங்கள் கலந்த சுண்ணாம்பு; அங்கே ஒயின் மெலிந்து, கூர்மையாக இருக்கும். தெற்கே மெர்சோவில் அதே திராட்சை வெண்ணெய் போலத் திரண்டு நிற்கும்.

சுண்ணாம்பு மண் இருந்தால்தான் ஆயுள் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், டண்டி குன்றுகளில் இருப்பது எரிமலைச் செம்மண். அங்கே 1966இல் டேவிட் லெட் தொடங்கிய தி ஐரி வைன்யார்ட்ஸ் தோட்டத்தின் மூலக் கொடிகளிலிருந்து வரும் ஷார்டனே நீண்ட ஆயுளுக்குப் பெயர் பெற்றது. பாசனம் இல்லை, களைக்கொல்லி இல்லை, ஒட்டுப்போடாத சொந்த வேர். அங்கே குளிர்ந்த இரவுகளே புளிப்பைக் காப்பாற்றிக் கொடுக்கின்றன.

அறுவடை ஆண்டையும் பாருங்கள். பர்கண்டி வெள்ளைக்கு 2014, 2017, 2020 ஆகியவை நல்ல ஆண்டுகள் என்று பரவலாகச் சொல்வார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். 2003இன் கடும் வெயிலில் புளிப்பு வற்றியது. 2021 ஏப்ரலில் விழுந்த உறைபனியில் விளைச்சலே மிகக் குறைவு. ஆனால் ஆண்டைவிடத் தோட்டக்காரர் முக்கியம். நல்லவர் கெட்ட ஆண்டிலும் குடிக்கும்படி ஏதாவது செய்துவிடுவார்.

படி 2: "பழைய கொடி" என்று எழுதியிருந்தால் வயதைக் கேளுங்கள்

பிரெஞ்சு லேபிளில் "வியே வீன்யு" என்று இருக்கும். பழைய கொடிகள் என்று பொருள். ஆனால் பிரான்சில் இந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் எந்த வரையறையும் கிடையாது. 25 வயதுக் கொடிக்கும் போடலாம், 80 வயதுக் கொடிக்கும் போடலாம். சர்வதேச திராட்சை மற்றும் ஒயின் அமைப்பு 2024இல் ஒரு வரையறை கொண்டுவந்தது: 35 வயதும் அதற்கு மேலும் ஆனதாக ஆவணம் இருந்தால் அது பழைய கொடி. ஆஸ்திரேலியாவின் பரோசாவிலும் 35, 70, 100, 125 என்று வயதுப் படிகள் வைத்திருக்கிறார்கள். கடைக்காரரிடமோ தோட்டத்திலோ நட்ட ஆண்டைக் கேளுங்கள். உண்மையிலேயே பழைய கொடி வைத்திருப்பவர், தாத்தா நட்ட வரிசை எது, அப்பா நட்ட வரிசை எது என்று தயங்காமல் சொல்வார்.

வயதால் என்ன லாபம்? கொடி முதிர்ந்தால் காய்ப்புக் குறையும். கொத்தில் சில மணிகள் குன்றிமணி அளவுக்குச் சிறுத்தே நிற்கும். அவற்றில் தோலும் சாறும் செறிவாக இருக்கும். வேர் பாறை இடுக்குவரை இறங்கியிருப்பதால் ஒரு வாரம் வெயில் கொளுத்தினாலும் கொடி பதறாது, கனமழை பெய்தாலும் பழம் சட்டென்று ஊதிப்போகாது. பருமனான தண்டில் சேர்ந்திருக்கும் சத்து இன்னொரு தாங்கல்.

பலரும் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. ஒரே தாய்க்கொடியின் நகலாக நாற்றங்கால்கள் தரும் குளோன் கன்றுகள் பரவலாகாத காலத்தில், தோட்டத்திலேயே நன்றாகக் காய்த்த பல கொடிகளிலிருந்து குச்சி வெட்டி நடுவார்கள். நம் ஊரில் நல்ல கதிராகப் பார்த்து விதைநெல் எடுத்து வைப்பது போலத்தான். அப்படி நட்ட தோட்டத்தில் ஒரு கொடி போல இன்னொன்று இருக்காது. ஒன்று முன்னே பழுக்கும், ஒன்று புளிப்பைப் பிடித்து வைத்திருக்கும். பழைய கொடி ஒயினில் நாம் ருசிக்கும் பல அடுக்குகளுக்கு வயது பாதிக் காரணம் என்றால் இந்தக் கலப்பு மீதிக் காரணம் என்பது என் கணிப்பு.

பழைய கொடி என்பதற்காகவே நம்பிவிடவும் கூடாது. வயதான கொடிகளுக்கு வைரஸ் நோயும் தண்டு நோயும் வரும். சொங்கிப்போன கொடி கொடுப்பது குறைந்த விளைச்சல்தான், நல்ல விளைச்சல் அல்ல. இன்னொன்று: 1878இல் மெர்சோவில் ஃபிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி தாக்கியிருப்பது தெரிந்தது. அதன் பிறகு பர்கண்டியில் கிட்டத்தட்ட எல்லாமே அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுப்போட்டு மறுபடி நட்டவைதான். பர்கண்டியில் யாராவது 200 வயதுக் கொடி என்று சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

படி 3: ஆர்கானிக் முத்திரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

ஐரோப்பாவில் பச்சைப் பின்னணியில் நட்சத்திரங்களால் ஆன இலை இருந்தால் சான்றிதழ் பெற்ற ஆர்கானிக். திராட்சைத் தோட்டம் மாற மூன்று வருடம் ஆகும். 2012 அறுவடைக்கு முன்னால் "ஆர்கானிக் திராட்சையில் செய்த ஒயின்" என்று மட்டும்தான் போட முடிந்தது. அதற்குப் பிறகுதான் ஒயின் அறைக்குள் நடப்பதற்கும் விதி வந்தது.

செயற்கைப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி கூடாது. ஆனால் எதுவுமே தெளிக்காத தோட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அடிச்சாம்பல் நோய் வந்தால் ஆர்கானிக் விவசாயியும் தாமிரம்தான் தெளிக்கிறார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை நம் ஊர்த் தோட்டக்காரர்களுக்கும் தெரியும். தாமிரம் மண்ணில் தங்கிவிடும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்டேருக்கு 7 வருடத்தில் 28 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது. மழை அதிகமான வருடத்தில் இந்த அளவுக்குள் பயிரைக் காப்பாற்றுவது பெரும் பாடு. ஆர்கானிக் பாட்டிலின் கூடுதல் விலையில் ஒரு பங்கு அந்த உழைப்புக்குத்தான் போகிறது.

கந்தகத்துக்கும் வரம்பு உண்டு. சர்க்கரை லிட்டருக்கு 2 கிராமுக்கும் குறைவான வெள்ளை ஒயினில் சாதாரணமாக மொத்தம் 200 மில்லிகிராம்வரை போகலாம், ஆர்கானிக்கில் 150. கந்தகமே சேர்க்காத ஒயினை நானும் விரும்பிக் குடிப்பேன், ஆனால் இளமையில். பத்து வருடம் வைக்க நினைக்கிற வெள்ளை ஒயினுக்குக் கொஞ்சம் கந்தகம் தேவை.

பயோடைனமிக் என்றால் இன்னும் ஒரு படி. மாட்டுக் கொம்பில் சாணம் அடைத்து, குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து, எடுத்து நீரில் கரைத்துத் தெளிப்பார்கள். பஞ்சகவ்யம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியாது. பூலின்யி-மோன்ராஷேயில் ஆன்-குளோத் லெஃப்லேவ் 1990இல் குடும்பத் தோட்டத்தின் ஒரு பகுதியில் இதைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். 1997இல் தோட்டம் முழுவதும் மாறியது. உலகின் மிக விலையுயர்ந்த வெள்ளை ஒயின்கள் வரும் கிராமத்தில் அவர் அப்படி இறங்கியதுதான் பக்கத்துத் தோட்டக்காரர்கள் பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

என்னைக் கேட்டால், ஆர்கானிக்கில் ஆயுளுக்கு நேரடியாக உதவுவது உழவுதான். களைக்கொல்லி இல்லாததால் வரிசைக்கு நடுவே உழுதாக வேண்டும். உழும்போது மேல்வேர் அறுபட, கொடி ஆழத்தில் நீர் தேடும். பர்கண்டியில் ஹெக்டேருக்குச் சுமார் 10,000 கொடிகள் நெருக்கி நடுவார்கள். அந்த இடுக்கில் உழுவதற்குச் சிலர் இன்றும் குதிரையைத்தான் ஓட்டுகிறார்கள்.

படி 4: எங்கே தேடுவது

மோன்ராஷே என்று பெயரில் வந்தாலே விலை எகிறும். அதை விட்டுவிடுங்கள். சான்-தோபான் என்ற கிராமம் பூலின்யிக்கு அடுத்த பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. சற்று உயரம், சற்றுக் குளிர், விலையும் கட்டுப்படியாகும்.

அதைவிட என் மனதுக்கு நெருக்கம் மக்கோனே. அங்குள்ள வீரே-கிளெஸ்ஸேயில் பழைய கொடிகள் ஏராளம். பூயி-ஃப்யூஸேயின் 22 நிலங்களுக்கு 2020 அறுவடையிலிருந்து பிரீமியே குரு என்ற உயர்தரத் தகுதி கிடைத்தது; அதன் பிறகு விலை மெல்ல ஏறுகிறது. குரூசீ என்ற ஊரில் குளோ தெ வீன்யு து மேன் என்ற தோட்டத்தைக் கியோ குடும்பம் 1954இலிருந்தே ரசாயனம் படாமல் வைத்திருக்கிறது. ஆர்கானிக் என்ற சொல்லுக்குச் சந்தையே இல்லாத காலம் அது.

கடையில் வாங்கினால் பாட்டில் எங்கே நின்றிருந்தது என்று பாருங்கள். ஒருமுறை ஒரு கடையின் கண்ணாடி ஜன்னலோரம் இருந்த பாட்டிலைத் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு வாங்கினேன். வீட்டில் திறந்தால் வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை. வெளிச்சம் பட்டாலே வெள்ளை ஒயின் அப்படி ஆகிவிடும். எத்தனை வருடம் வைத்தாலும் அது திரும்பாது.

படி 5: அடைப்பைக் கேளுங்கள்

ஷார்டனேவை வைத்திருப்பவர்களின் பெரிய பயம் ஒன்று உண்டு. 1995, 1996 அறுவடைப் பர்கண்டி வெள்ளைகள் இருபது வருடம் தாங்கும் என்று நம்பி நிலவறையில் அடுக்கியவர்கள், 2000களின் தொடக்கத்தில் திறந்து பார்த்து அதிர்ந்தார்கள். ஒரே பெட்டியில் இரண்டு பாட்டில் அருமையாக இருந்தது; மூன்றாவது செம்பழுப்பு நிறத்தில், அடிபட்ட ஆப்பிள் வாடையோடு செத்துக் கிடந்தது. ஒயின் வயதுக்கு முன்பே ஆக்சிஜன் ஏறிக் கிழடாகிவிடும் இந்தச் சிக்கலைப் "பிரீமாக்ஸ்" என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

ஒரே குற்றவாளி என்று யாரும் கைகாட்ட முடியவில்லை. கார்க்கைக் கழுவிய விதம், கந்தகத்தைக் குறைத்தது, மென்மையாகப் பிழியும் புது இயந்திரங்கள், பீப்பாயின் அடிவண்டலை அளவுக்கு மீறிக் கலக்கியது என்று பல காரணங்கள் அடிபட்டன. மென்மையான பிழிதலும் ஒரு காரணமா என்று கேட்பீர்கள். பிழியும்போதே கொஞ்சம் காற்றுப் பட்டால், எளிதில் பழுப்பாகும் பொருட்கள் சாற்று நிலையிலேயே பழுப்பாகிப் படிந்துவிடும். ஒயின் அதற்குப் பிறகு உறுதியாக நிற்கும். சாற்றை அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திக் காப்பாற்றினால் அவை அப்படியே பாட்டிலுக்குள் போய்விடுகின்றன. அதனால்தான் இப்போது சிலர் வேண்டுமென்றே சாற்றைக் கறுக்க விட்டுப் பிழிகிறார்கள்.

எனவே தோட்டத்திலோ நல்ல கடையிலோ மூன்று கேள்வி கேளுங்கள். முதலாவது, அடைப்பு எது? இயற்கைக் கார்க் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். டியாம் என்பது கார்க்கைத் தூளாக்கிச் சுத்தம் செய்து மறுபடி அழுத்திச் செய்த அடைப்பு. பாட்டிலுக்குப் பாட்டில் மாறாது. அதன் மேல் 10, 30 என்று இருக்கும் எண், அது எத்தனை வருடத்துக்கு என்று சொல்கிறது. லெஃப்லேவ் தோட்டமே 2014 அறுவடையிலிருந்து டியாமுக்கு மாறியது. மூன்று பாட்டில் வாங்கி ஒப்பிட்டுக் குடிப்பவருக்கு நான் டியாமையோ திருகு மூடியையோதான் சொல்வேன்.

இரண்டாவது, பீப்பாயிலும் வண்டலிலும் எவ்வளவு காலம்? பர்கண்டிப் பீப்பாய் 228 லிட்டர், ஏறத்தாழ 300 பாட்டில். ஈஸ்ட் இறந்து படிந்த வண்டலோடு ஒயின் ஒரு குளிர்காலம் அல்லது இரண்டு குளிர்காலம் கிடந்தால் உடல் கூடும், காற்றிலிருந்து காப்பும் கிடைக்கும். இரண்டாம் குளிர்காலத்தைப் பீப்பாய்க்குப் பதில் தொட்டியில் கழிக்க வைப்பவர்களின் ஒயின் அதிகம் தாங்கும் என்பது என் அனுபவம். மூன்றாவது, புது மரம் எவ்வளவு? வனிலா வாசனை தூக்கலாக இருந்தால் அது மரம். வருடங்கள் போன பிறகும் மரம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கலாம்.

படி 6: வைப்பது

12இலிருந்து 13 டிகிரி, இருட்டு, அசைவில்லாத இடம், ஈரப்பதம் 70 சதவீதம் சுற்றி. கார்க் பாட்டிலைப் படுக்க வையுங்கள். நிலவறை இல்லாதவர்கள் ஒயின் அலமாரி ஒன்று வாங்குவது நல்லது. சமையலறை வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் கண்டிப்பாக வேண்டாம். பகலில் ஏறி இரவில் இறங்கும் வெப்பம் கார்க்கை உள்ளும் வெளியுமாக இழுத்து, ஒவ்வொரு முறையும் ஒரு துளிக் காற்றை உள்ளே விடும். 15 டிகிரியில் நிலையாக இருக்கும் இடம், 10க்கும் 20க்கும் ஊசலாடும் இடத்தைவிட எவ்வளவோ மேல். சென்னை வெயிலில் சாதாரண அலமாரியில் வைத்தால் ஒரு கோடைகூடத் தாங்காது.

படி 7: மூன்று பாட்டில், மூன்று வயது

இப்போது அந்த விதிக்கு வருகிறேன்.

முதல் பாட்டிலை அறுவடையிலிருந்து மூன்று நான்கு வருடத்தில் திறங்கள். இது இன்பத்துக்கு என்பதைவிட அளவெடுக்க. தீக்குச்சி உரசிய வாசனை வந்தால் பயம் வேண்டாம். ஆக்சிஜன் இல்லாமல் இறுகி நிற்கிறது என்று பொருள், அகன்ற பாத்திரத்தில் ஊற்றி அரை மணி வைத்தால் போய்விடும். நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறுகிறதா, விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஏழெட்டு வருடத்தில். இங்கே ஒரு எச்சரிக்கை: ஐந்தாம் ஆறாம் வருடத்தில் பல ஷார்டனேக்கள் வாய் மூடிக்கொள்ளும். இளமையின் பழவாசனை போயிருக்கும், முதுமையின் மணம் வந்திருக்காது. அந்த இடைவெளியில் திறந்து, ஏமாந்தோம் என்று மீதியை விற்றவர்களை எனக்குத் தெரியும். எட்டாம் வருடத்தில் அதே ஒயின் வறுத்த வேர்க்கடலை, தேன்மெழுகு, வெண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டி என்று திறந்துகொள்கிறது.

மூன்றாவதற்குத் தேதி கிடையாது. இரண்டாவது பாட்டில்தான் சொல்லும். கடைசிப் படியில் அந்தச் சோதனை இருக்கிறது.

படி 8: திறக்கும் நாள்

முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். வெள்ளையிலும் டார்டாரிக் அமிலப் படிகங்கள் கற்கண்டுத் தூள் போல அடியில் இருக்கும், கெடுதல் இல்லை. கார்க்குக்குக் கீழே ஒயின் மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். பத்து வயதுப் பாட்டிலில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் காலியாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றாதீர்கள். 4 டிகிரியில் இந்த ஒயின் ஊமை. 12இலிருந்து 14 டிகிரி வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி வெளியே வைத்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். கிளாஸ் வயிறு அகன்றதாக இருக்கட்டும்.

பொன் நிறம் சரி. செம்பழுப்பு என்றால் படி 5இல் சொன்ன நோய். நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் கார்க் கெட்டது. திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள்.

உணவைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. மிளகாய்க் காரம் ஆல்கஹாலைத் தூக்கிக் காட்டி மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும், ஆகவே வறுவலும் குழம்பும் வேறொரு நாளுக்கு. பர்கண்டிக்காரர்கள் பிரெஸ் என்ற ஊர்ப்பகுதியின் கோழியைப் பாலேட்டில் சமைத்துச் சாப்பிடுவார்கள், அப்புறம் 18 மாதம் முதிர்ந்த கோம்தே சீஸ். என் வீட்டில் பச்சை மிளகாயைக் கீறாமல் போட்டு வைக்கிற மீன் சொதி. தேங்காய்ப்பாலின் கொழுப்பும் கடைசியில் பிழியும் எலுமிச்சையும் இந்த ஒயினோடு உட்கார்ந்து பேசும்.

இரண்டாவது பாட்டிலை முழுக்க முடிக்காதீர்கள். ஒரு கிளாஸ் அளவு மிச்சம் வைத்து, அதே கார்க்கால் மூடி, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு இரவு வையுங்கள். மறுநாள் மாலை ஊற்றிப் பாருங்கள். தட்டையாகி, ஆப்பிள் வாடை வந்திருந்தால், மூன்றாவது பாட்டிலை இந்த வருடத்துக்குள்ளேயே திறந்துவிடுங்கள். முதல் நாள் மாதிரியே இருந்தால் இரண்டு வருடம் கொடுக்கலாம். முதல் நாளைவிட மறுநாள் விரிந்து மணந்தால், மூன்றாவதன் கழுத்தில் ஒரு சீட்டைக் கட்டி ஐந்து வருடம் தள்ளித் தேதி எழுதுங்கள். என் அலமாரியில் 2014 வீரே-கிளெஸ்ஸே ஒன்று அப்படிச் சீட்டுடன் படுத்திருக்கிறது.